சைக்கிள் கடையில் ஃபோர்க்கை அமுக்கிப் பார்ப்பவர்களுக்கு

மலைப்பாதைச் சைக்கிள் வாங்க வருகிறவரைக் கடையில் ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். நேராகப் போய் ஹேண்டில் பாரைப் பிடிப்பார். உடம்புப் பாரத்தை அதன் மேல் போட்டு இரண்டு முறை அமுக்குவார். முன்பக்கம் பொதுக்கென்று இறங்கி எழுந்தால் முகம் மலர்ந்துவிடும். "ஷாக்கு சூப்பரா இருக்குண்ணே" என்பார். அடுத்து விலைப் பேச்சுதான்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள். பார்க்க மோட்டார் பைக் மாதிரி இருந்தது; தூக்கினாலும் அப்படித்தான் இருந்தது. தார்ச்சாலை மேட்டில் ஒவ்வொரு மிதிக்கும் ஊஞ்சலாடியது. நான் மிதிப்பது சக்கரத்துக்குப் போகிறதா, ஸ்பிரிங்குக்குப் போகிறதா என்றே தெரியாது. சில மாதத்தில் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை, லொடலொடக்க ஆரம்பித்தது. சரி, நல்ல ஃபோர்க்காகப் போட்டுவிடலாம் என்று வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் அளந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கழுத்துல நல்ல ஃபோர்க் எதுவும் இறங்காது" என்றார்.

ஃபிரேமும் ஃபோர்க்கும் தனித்தனி சாமான்கள் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கியர், பிரேக், சீட், டயர் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த ஃபோர்க் ஏறும், எவ்வளவு நீளமானது ஏறும் என்பது ஃபிரேமை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் ஃபிரேமிலிருந்து தொடங்குவோம்.

மலைச் சைக்கிள் ஃபிரேமில் இரண்டு வகை உண்டு. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருந்தால் ஹார்ட்டெயில். பின்சக்கரத்துக்கும் தனியாக ஒரு ஷாக் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். முதல் சைக்கிள் என்றால் ஹார்ட்டெயில் எடுங்கள் என்பதே என் கட்சி. ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கம் கீல்கள், அந்தக் கீல்களுக்குள் பேரிங்குகள், ஒரு ஷாக் என்று சாமான் கூடுகிறது. ஒரே விலையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் சாமான்களுக்கான பணம் ஃபோர்க்கிலிருந்தும் பிரேக்கிலிருந்தும்தான் எடுக்கப்பட்டிருக்கும். கரடுமுரடான இறக்கங்களில் வாராவாரம் இறங்குகிறவருக்கும், அதற்குத் தகுந்த பணம் கையில் இருப்பவருக்கும் ஃபுல் சஸ்பென்ஷன் தரும் பிடிப்பே தனி, மறுக்கவில்லை. மலிவு விலையில் அது வெறும் அலங்காரம்.

அடுத்தது அளவு. சின்ன வயதில் அப்பாவின் 22 இன்ச் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பார் உயரமாக இருந்தால் கால் எட்டாது. கால் எட்டாவிட்டால் உடம்பைக் கோணலாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சீட்டுக்குழாயின் நீளமே ஃபிரேமின் அளவு. இன்றைய மலைச் சைக்கிளில் அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை. இறக்கத்தில் நாம் சீட்டில் உட்காருவதில்லை, பெடல் மேல் எழுந்து நிற்கிறோம். நிற்கும்போது சீட் எங்கே இருந்தால் என்ன? பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் பார் எவ்வளவு முன்னால், எவ்வளவு மேலே இருக்கிறது என்பதே முக்கியம். முன்னால் இருக்கும் தூரத்துக்கு ரீச் என்று பெயர், உயரத்துக்கு ஸ்டாக். இரண்டையும் ஹேண்டில் பார் வரைக்கும் அளப்பதில்லை. அதற்குக் கீழே ஃபோர்க்கின் குழாய் நுழையும் குட்டைக் குழாயின் மேல்வாய் வரைக்கும்தான். நான் கழுத்து என்று சொன்னேனே, அந்தக் குழாய்தான் ஹெட் டியூப்.

170 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இன்றைய சைக்கிள்களில் ரீச் சுமார் 430 முதல் 455 மி.மீ. வரை ஒத்துவரும். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் லார்ஜாக இருக்கலாம். சட்டை வாங்கப் போனாலும் இதே கதைதானே. எழுத்தை நம்பாமல், ஃபிரேமின் நீளங்களையும் கோணங்களையும் பட்டியலிட்டு நிறுவனம் தரும் ஜியாமெட்ரி அட்டவணையில் ரீச் எண்ணைத் தேடிப் பாருங்கள். அட்டவணையே போடாத நிறுவனம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

அதே அட்டவணையில் ஹெட் ஆங்கிள் என்று ஒரு வரி இருக்கும். தரையோடு ஒப்பிட்டால் கழுத்துக் குழாய் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது அது. ஒரு சைக்கிளின் குணத்தை இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி சொல்லிவிடலாம். எண் பெரிதானால் ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும். சாலைப் பந்தயச் சைக்கிளில் 73 டிகிரியை ஒட்டி இருக்கும். லேசாகத் திருப்பினாலே திரும்பும். எண் சிறிதானால் ஃபோர்க் முன்னால் நீட்டிப் படுத்திருக்கும். அப்போது முன்சக்கரம் நம்மைவிட்டுத் தள்ளி இருக்கும். இறக்கத்தில் ஒரு கல்லில் மோதினால் அந்த அடி ஃபோர்க்கின் நீளவாக்கிலேயே வரும், ஃபோர்க் அமுங்கி வாங்கிக்கொள்ளும். நிமிர்ந்த ஃபோர்க்கில் அதே அடி குறுக்காக விழும். ஃபோர்க் வளையப் பார்க்குமே தவிர அமுங்காது, நாம் ஹேண்டில் பாரைத் தாண்டிப் பறப்போம். படுத்த ஃபோர்க்குக்கும் ஒரு விலை உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது முன்சக்கரம் குடிகாரன் மாதிரி இப்படியும் அப்படியும் அலையும்.

இன்று ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ் கன்ட்ரி சைக்கிள்கள் 66 முதல் 68 டிகிரி வரை இருக்கின்றன. இறக்கத்தை ரசிக்கவென்று செய்த டிரெயில் வகை 64 முதல் 66. மேலேயிருந்து கீழே பாய்வதற்கு மட்டுமே ஆன டவுன்ஹில் சைக்கிள் 63-ஐ ஒட்டி இருக்கும்.

இந்த எண்ணுக்குள் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. மலைச் சைக்கிள் பிறந்த இடம் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டி, தமல்பாயிஸ் என்ற மலையைச் சுற்றிய பகுதி. (பெயரில் தமிழ் வாசனை அடித்தாலும் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை, அங்கிருந்த பூர்வகுடி மக்களின் சொல் அது.) 1970-களில் அங்கே சில இளைஞர்கள் ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய சைக்கிள்களைத் தட்டித் தயார் செய்து மலைமண் பாதைகளில் இறங்கினார்கள். 1976-இல் ஒரு இறக்கத்தில் பந்தயமே வைத்தார்கள். 3 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளத்தில் சுமார் 400 மீட்டர் கீழே இறங்கும் பாதை. அந்தச் சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக். கீழே போய்ச் சேர்வதற்குள் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஒரு ஃபிரேமைச் செய்தபோது, அந்தப் பழைய ஷ்வினின் சாய்வைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார். பின்னால் பந்தய மோகத்தில் ஃபிரேம்கள் நிமிர்ந்துகொண்டே போய் 1990-களில் 71 டிகிரியில் நின்றன. அங்கிருந்து மறுபடி படுக்க ஆரம்பித்து, இன்று அந்தக் கிழட்டு ஷ்வினையும் தாண்டிப் போய்விட்டன.

எந்த உலோகம் என்ற கேள்விக்குக் கடைக்காரர்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தில் பாதி கொடுத்தால் போதும். கையில் இருக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் அலுமினியம்தான் வரும், பழுதில்லை. அலுமினியக் குழாய்கள் ஏன் அவ்வளவு பருமனாக இருக்கின்றன என்பது மட்டும் தெரிந்துகொள்ளத் தக்கது. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு குழாயின் சுவர் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், எடை இரு மடங்காகும், வளையாமல் நிற்கும் விறைப்போ சுமார் எட்டு மடங்காகும். அந்தக் கணக்கில்தான் அலுமினியம் பிழைக்கிறது. குரோம்மாலி என்ற கலப்பு எஃகில் செய்த ஃபிரேம் மெல்லிய குழாய்களோடு, கொஞ்சம் நெளிந்து கொடுத்து ஓடும். உடைந்தால் நல்ல வெல்டர் கையில் பிழைக்கவும் செய்யும். அலுமினியத்தை வெல்டிங் செய்தால் அந்த இடம் பலமிழக்கும், பிறகு முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அது நடக்காது. கார்பன் இலகுவானது, விலை அதிகம், முதல் சைக்கிளுக்குத் தேவையில்லை.

இனி அந்தக் கழுத்து விவகாரம்.

ஃபோர்க்கின் தலையிலிருந்து மேலே நீளும் குழாய்க்கு ஸ்டியரர் என்று பெயர். அது கழுத்துக் குழாய்க்குள் நுழைந்து, மேலும் கீழும் பேரிங்கில் உட்கார்ந்து திரும்பும். பழைய ஃபிரேம்களிலும் மலிவு ஃபிரேம்களிலும் இது மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், ஒன்றேகால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 28.6 மி.மீ. இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை டேப்பர்ட் வகை. மேலே அதே 28.6 மி.மீ., கீழே ஒன்றரை இன்ச். அடி முழுக்கக் கீழ்ப் பேரிங்கில்தான் விழுகிறது என்பதால் அங்கே பருமனாக்கியிருக்கிறார்கள். டேப்பர்ட் ஃபிரேமில் பழைய நேர் ஃபோர்க்கை ஒரு சின்ன வளையம் வைத்து மாட்டிவிடலாம். நேர்க் கழுத்தில் டேப்பர்ட் ஃபோர்க் இறங்காது. கழுத்தின் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தால், கீழே வெளிப்பக்கமாக ஒரு கப் வைத்துத் தப்பிக்கலாம். என் சைக்கிளின் கழுத்து அதுவும் இல்லை. ஆகவே இப்போது சாதாரண ஃபோர்க்கோடு வாங்கினாலும், கழுத்து டேப்பர்ட்டாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கீழே பருத்து மேலே சிறுத்திருந்தால் பெரும்பாலும் கண்ணாலேயே தெரியும்.

அடுத்த இடைஞ்சல் அச்சு. மலிவுச் சைக்கிளில் முன்சக்கரம் 9 மி.மீ. குயிக் ரிலீஸ் அச்சில் (நெம்பைத் திருப்பிச் சட்டென்று கழற்றும் வகை), 100 மி.மீ. அகலமுள்ள ஹப்போடு வரும். புது ஃபோர்க்குகள் பலவற்றில் 15 மி.மீ. கனமான த்ரூ ஆக்ஸில் (ஃபோர்க்கின் இரு கால்களையும் ஊடுருவிப் போகும் அச்சு), அகலம் 110. இதைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். அந்த ஃபோர்க்கை வாங்கினால் உங்கள் முன்சக்கரம் அதில் நிற்காது. ஃபோர்க்குக்கு ஒரு செலவு, சக்கரத்துக்கு ஒரு செலவு. சக்கர அளவும் பொருந்த வேண்டும். 29 இன்ச்சுக்கு ஒன்று, 27.5-க்கு ஒன்று என்று ஃபோர்க்குகள் தனித்தனி.

மூன்றாவது, ஃபோர்க்கின் நீளம். "120 போட்டிருக்கான், நான் 150 போடறேன்" என்று ஆசைப்படும் இடம் இது. ஃபோர்க் எத்தனை மி.மீ. அமுங்கும் என்பதே அந்த எண்; அது கூடினால் ஃபோர்க்கின் நீளமும் கூடும். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலை வரைக்குமான நீளம் 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் சுமார் 1 டிகிரி படுக்கும். கூடவே சீட் பின்னால் சாயும், பெடல் அச்சு உயரும், ஏற்றத்தில் முன்சக்கரம் தரையைவிட்டு எழப் பார்க்கும். அதைவிட முக்கியமாக, நீளமான ஃபோர்க் நீளமான நெம்புகோல்; ஒவ்வொரு அடியிலும் கழுத்து வெல்டிங்கை அதிக பலத்தோடு பிய்க்கும். ஃபிரேம் செய்தவர்கள் அதிகபட்சம் எத்தனை மி.மீ. ஃபோர்க் என்று குறித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் வாரன்ட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

சரி, ஃபோர்க்குக்குள் என்ன இருக்கிறது?

ஏ.சி. அறைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஸ்பிரிங் மட்டும் வைத்த கதவு படாரென்று வந்து சட்டத்தில் அறையும், திரும்பக் குதிக்கும். மேலே டோர் க்ளோசர் மாட்டிய கதவு சத்தமில்லாமல் வந்து மூடும். அந்த க்ளோசருக்குள்ளும் ஸ்பிரிங்தான். கூடவே எண்ணெய், எண்ணெய் மெல்லக் கசிந்து போக ஒரு சின்னத் துளை. துளையைத் திருகாணியால் இறுக்கினால் கதவு மெதுவாகும். நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க் என்பது ஒரு காலில் ஸ்பிரிங்கும் மறு காலில் டோர் க்ளோசரும். எண்ணெயும் துளையும் கொண்ட அந்தப் பகுதியை டேம்ப்பர் என்பார்கள். அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை அதுதான் அடக்குகிறது. இதற்கு ரீபவுண்ட் என்று பெயர். அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, ஃபோர்க்கின் காலடியில் பெரும்பாலும் சிவப்பு நிறக் குமிழாக இருக்கும்.

மலிவு ஃபோர்க்குகளில் பலவற்றில் டேம்ப்பரே இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். கடையில் பொதுக்கென்று இறங்கி எழுகிறதே, அது க்ளோசர் இல்லாத கதவு. கல்லில் இறங்கி, எழும்போது நம்மையும் தூக்கி எறியும். அடுத்த கல் வரும்போது முன்சக்கரம் காற்றில் இருக்கும். காற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஆகவே அமுக்கிப் பார்ப்பதானால் பாருங்கள், தப்பில்லை. ஆனால் இறங்குவதை விட்டுவிட்டுத் திரும்ப எழுவதைக் கவனியுங்கள். சிவப்புக் குமிழ் இருந்தால் அதை இரண்டு கோடிக்கும் திருகி, எழும் வேகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பிரிங்கிலும் இரண்டு உண்டு. ஒன்று கம்பிச் சுருள். 55 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே சுருள்தான் வரும், ஒருவருக்குக் கல்லாக இருக்கும், மற்றவருக்குக் களியாக இருக்கும். விலை உயர்ந்த ஃபோர்க்குகளில் எடைக்கேற்பச் சுருளை மாற்றலாம்; மலிவு வகையில் மேலே இருக்கும் குமிழைத் திருகினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மற்றது காற்று. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தி விளையாடியிருப்பீர்கள். முதலில் சுலபமாகப் போகும், போகப் போக இறுகும், கடைசி ஒரு அங்குலம் போகவே போகாது. காற்று ஃபோர்க்கும் அதுதான். சின்னக் கற்களுக்கு இளகிக் கொடுக்கும், பெரிய குழியில் இறங்கினாலும் அடியில் போய் டமாரென்று முட்டாது. எடைக்குத் தகுந்த காற்றை அடித்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய லாபம்.

எடை விஷயத்திலும் வித்தியாசம் தெரியும். மலிவுச் சுருள் ஃபோர்க் இரண்டரை கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல காற்று ஃபோர்க் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஸ்பிரிங்கே இல்லாத ரிஜிட் ஃபோர்க் ஒரு கிலோ அளவில். தொடக்க விலைச் சைக்கிள்களில் அடிக்கடி பார்க்கும் சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். எல்லாம் சுருள் வகை. கொஞ்சம் மேலே போனால் ராக்ஷாக்ஸ் ஜூடி போன்ற காற்று ஃபோர்க்குகள் தொடங்குகின்றன. ஃபாக்ஸ் 34, 36 என்று பெயரில் இருக்கும் எண், வழுக்கி இறங்கும் உட்குழாயின் விட்டம், மி.மீ. கணக்கில். கனமானால் முறுக்காமல் நிற்கும், எடையும் கூடும்.

பலர் ஏற்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஆபீஸுக்குப் போகவும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மண்பாதையில் ஒரு சுற்று சுற்றவும் என்றால், மட்டமான சஸ்பென்ஷன் ஃபோர்க்கைவிட ரிஜிட் ஃபோர்க்கும் பருமனான டயரும் நல்லது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதுவே ஒரு சஸ்பென்ஷன்.

எத்தனை மி.மீ. அமுங்க வேண்டும்? அமுங்கும் தூரத்துக்கு டிராவல் என்று பெயர். 1989-இல் பால் டர்னர் தொடங்கிய ராக்ஷாக்ஸின் முதல் ஃபோர்க்குக்குச் சுமார் 5 செ.மீ.தான் டிராவல். அந்த ஃபோர்க்கில்தான் 1990-இல், கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரப்பூர்வ உலகச் சாம்பியன்ஷிப்பின் டவுன்ஹில் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் ஜெயித்தார். இன்றைய டவுன்ஹில் சைக்கிளில் அதுபோல நான்கு மடங்கு, 200 மி.மீ. இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வண்டிப் பாதை, காட்டோர ஒற்றையடிப் பாதை போன்றவற்றுக்கு 100 முதல் 120 தாராளம். பாறைகள் நிறைந்த இறக்கமே குறி என்றால் 130, 140 வரை போகலாம். ஹார்ட்டெயிலில் அதற்கு மேல் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்பக்கம் அசையாது, முன்பக்கம் மட்டும் குனியும். 20 மி.மீ.க்கு 1 டிகிரி என்ற அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 140 மி.மீ. ஃபோர்க் முழுதாக அமுங்கினால் ஹெட் ஆங்கிள் 7 டிகிரி நிமிர்ந்துவிடும். பெரிய குழியில் விழும் அந்தக் கணத்தில், காசு கொடுத்து வாங்கிய அந்தச் சாய்வு கைவிட்டுவிடும்.

பழைய சைக்கிள் வாங்குவதானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான உட்குழாயில் நகத்தை வைத்து மேலும் கீழும் தடவுங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் அங்கே எண்ணெய் கசியும். அப்புறம் சைக்கிளைச் சாய்த்து, கழுத்துக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்கோ நேராக மோதிய சைக்கிள் அது. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

காற்று ஃபோர்க் வாங்கியாயிற்று என்றால் ஷாக் பம்ப் ஒன்றும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். சிறியது, மீட்டர் வைத்தது. ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றறை சின்னது, அழுத்தம் அதிகம். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயை அதில் வைத்துவிடாதீர்கள். உட்குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றுங்கள். ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் பெடல் மேல் எழுந்து நில்லுங்கள், ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு தானாக இறங்கியது என்பதை வளையம் காட்டும். இதற்கு ஸேக் என்று பெயர். டிராவலில் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி, 120 மி.மீ. ஃபோர்க்கில் 24 மி.மீ. அதிகம் இறங்கினால் காற்றை ஏற்றுங்கள், இறங்காவிட்டால் குறையுங்கள்.

பிறகு சிவப்புக் குமிழ். அதன் பக்கத்தில் சில ஃபோர்க்குகளில் ஒரு முயலும் ஒரு ஆமையும் வரைந்திருக்கும். உட்கார்ந்தபடி ஒரு நடைபாதைத் திட்டிலிருந்து மெதுவாக இறங்கிப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளினால் ஆமைப் பக்கம் ஒரு கிளிக் திருப்புங்கள். துள்ளலே இல்லை, ஆனால் வரிசையாகக் கல் வரும் பாதையில் ஃபோர்க் எழவே நேரமில்லாமல் தாழ்ந்துகொண்டே போகிறது என்றால் முயல் பக்கம் ஒரு கிளிக்.